ராஸ்னமோர் படகுத் துறைச் சுவரில் ஏணி இல்லாதது குறித்தும், மாலக்கி டெவேனைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரி குறித்தும்

அனுப்புநர்
ஜார்லத் டியர்னன் (வயது 63),
கூரை ஓடு வேய்பவர்,
தேவாலயச் சாலை, ராஸ்னமோர்.

பெறுநர்
துறைமுகப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கவுன்சில் அலுவலகம்.

பொருள்: 11.12.2022 அன்று ராஸ்னமோர் துறைச் சுவரில் நிகழ்ந்த மரணம் பற்றிய தங்கள் அறிக்கையில் உள்ள தவறான வரியை நீக்கவும், சுவரில் மீண்டும் இரும்பு ஏணி பொருத்தவும், பூட்டிய கதவைத் திறக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கடந்த பிப்ரவரி 14 அன்று தங்கள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், "இறந்தவர் வானிலை எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், தாமாகவே ஆபத்தான கீழ்ப்படிக்கு இறங்கியுள்ளார்" என்று எழுதப்பட்டுள்ளது. அதே பக்கத்தில் "உடனிருந்தவர்" என்று பெயரின்றிக் குறிப்பிடப்படும் ஆள் நான்தான். அந்த வரி உண்மையல்ல என்பதையும், அது தங்கள் அறிக்கையில் வந்து சேர நானே காரணம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மாலக்கி டெவேன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பத்தொரு ஆண்டுகள் ஓட்டியவர். ஒருநாளும் ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழுந்ததில்லை. சாலையில் பனி உறைந்திருந்தால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று மேலாளரிடமே சண்டை போடுவார். அவருக்கு உண்மையில் பிடித்தது கடல் அல்ல, டெரிஃபாடா ஏரிதான். நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிறு தவறாமல், திருப்பலி முடிந்ததும் நானும் அவரும் அங்கே கூர்வாய்ப் பைக் மீனுக்குத் தூண்டில் போடுவோம். கையளவு நீளப் பல்வரிசை கொண்ட அந்த மீனின் வாயிலிருந்து, ஒரு குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல முள்ளைக் கழற்றி, ஏரியிலேயே விட்டுவிடுவார். இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

3. சம்பவத்தன்று ஏரி கரையிலிருந்து கரைவரை உறைந்து கிடந்தது. அவர் குதிகாலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேணாம்டா. வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்துல உக்காரலாம்" என்றார். நான்தான் ஒப்பவில்லை. "கடல் உறையாது மாலக்கி. துறைச் சுவருல வைட்டிங் மீனு வந்திருக்கும், வா" என்றேன். வந்தார். அறிக்கை குறிப்பிடும் மஞ்சள் எச்சரிக்கை அன்று சாலைகளின் வழுக்கலுக்காக அறிவிக்கப்பட்டது. கடலுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. காற்றே இல்லை. தேநீர்க் குடுவையைத் திறந்தால் ஆவி நேராக மேலே போகும் அளவுக்கு அமைதியான நாள்.

4. பிற்பகல் இரண்டரை மணிவரை ஐந்து வைட்டிங் பிடித்திருந்தோம். அதன்பின் என் தூண்டிலை ஏதோ ஒன்று இழுத்தது. கோல் வில்லாக வளைந்துவிட்டது. நல்ல பெரிய காட் மீனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுவரின் உயரத்துக்கு அதைத் தூக்கினால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். எனவே, "வலைய எடுத்துட்டுக் கீழ்ப்படிக்கு எறங்கு மாலக்கி, சீக்கிரம்" என்று நான் சொன்னேன். அவர் படிகளைப் பார்த்தார். "வழுக்குமேடா" என்றார். "ஒரே நிமிஷம், போயிடப் போவுது" என்றேன். அவர் இறங்கினார்.

அம்மையீர், "தாமாகவே" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

5. கடைசிப் படியில் பாசியும் அதன்மேல் உறைபனியும் இருந்தன. அவர் வலையை நீட்டியபோது இரண்டு கால்களும் ஒருசேர வழுக்கின. தண்ணீரில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் விழுந்த பிறகும் மூன்று அல்லது நான்கு விநாடிகள் நான் கோலைக் கையிலிருந்து விடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த விநாடிகளை இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

6. வற்றும் நீரோட்டம் அவரைப் படிகளிலிருந்து இழுத்து, சுவரின் மூலையைச் சுற்றி வெளிப்புறம் கொண்டுபோய்விட்டது. மிதவை வளையம் அதன் பெட்டியில் இருந்தது. கயிறும் நன்றாக இருந்தது. அதற்காகத் தங்கள் துறைக்கு நன்றி தெரிவிக்கிறேன். முதல் வீச்சிலேயே அவர் அதைப் பிடித்தார். ஆனால் நீரோட்டத்துக்கு எதிராக அவரை மீண்டும் படிகளுக்கு இழுக்க முடியவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கடற்காவல் படைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மீட்புப் படகு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

7. அந்த வெளிப்புறச் சுவரில்தான் முன்பு இரும்பு ஏணி இருந்தது. துருப்பிடித்துவிட்டது என்று 2020 செப்டம்பரில் தங்கள் பணியாளர்கள் அதை அறுத்து எடுத்துச் சென்றார்கள். புதியது எப்போது வரும் என்று தங்கள் அலுவலகத்தை அழைத்துக் கேட்டவர் மாலக்கிதான். "பட்டியல்ல இருக்குன்னு சொல்றாங்க" என்று என்னிடம் சிரித்தார். ஏணியை அறுத்த இடத்தில் நான்கு இரும்பு ஆணி முனைகள் மட்டும் சுவரில் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வளையத்தில் நுழைத்து, என்னை அண்ணாந்து பார்த்தார். எங்களுக்கு இடையே பன்னிரண்டு அடி. அவர் எடை பதினைந்து ஸ்டோன், அதாவது தொண்ணூற்றைந்து கிலோ. வாழ்நாளெல்லாம் ஓடு சுமந்த தோள்கள் என்னுடையவை. இழுத்தேன். இடுப்புவரை தண்ணீருக்கு மேலே வந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான்கு முறை அப்படி இழுத்தேன்.

8. அவர் பேசிக்கொண்டே இருந்தார். "மீன் என்ன ஆச்சு?" என்று கேட்டார். "போச்சு" என்றேன். "அப்பச் சரி. எவ்வளவு பெருசுன்னு நம்ம இஷ்டத்துக்குச் சொல்லிக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கை இருக்கான்னே தெரியலடா" என்றார். பிறகு, "கயித்த விட்டுறாத" என்றார். "விடல மாலக்கி, விடல" என்றேன். அதற்குப் பிறகு நான் கேட்டவற்றுக்குத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு அதுவும் இல்லை. கயிறு திடீரென்று இலேசானது. வளையம் மட்டும் மிதந்தது. படகு மூலையைச் சுற்றி வந்தபோது, நான் தொலைபேசியில் பேசி இருபத்து மூன்று நிமிடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படகில் வந்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்பது மைல் தூரத்திலிருந்து வந்தார்கள். அவரைக் கண்டெடுத்ததும் அவர்களே.

ஏணி இருந்திருந்தால், கையில் உணர்வு இருந்த முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அவர் ஏறி வந்திருப்பார். இது என் ஊகமல்ல. படகின் தலைமைப் பணியாளரும் அதையே சொன்னார். கேட்டால் எழுதித் தரவும் தயாராக இருக்கிறார்.

9. ஜனவரியில் தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் ஏழு கேள்விகள் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "அவர் தாமாகவே இறங்கினாரா?" என்பது ஐந்தாவது கேள்வி. நான் "ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

10. அறிக்கை வந்த வாரம் மாலக்கியின் மனைவி அட்ராக்டா டெவேன் அதை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி என் வீட்டுக்கு வந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. "ஐஸ் மேல கால வைக்காத மனுஷன் அவரு. அவரா சும்மா எறங்கினாரு? நீ சொல்லு ஜார்லத். யாரு மீனுக்காக எறங்கினாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். மேலே எழுதியிருக்கும் அனைத்தையும், அந்த மூன்று நான்கு விநாடிகள் உட்பட, சொன்னேன். அவர் அறிக்கையை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, "என்ன மீன் அது?" என்றார். "தெரியல. கண்ணால பாக்கவே இல்ல" என்றேன். எழுந்து கதவுவரை போய், "கனடாவுல என் மகன் இதப் படிச்சிட்டு, அப்பா ஏம்மா இப்படி அசட்டையா இருந்தாருன்னு கேக்குறான். என்கிட்ட சொன்னது பத்தாது. எழுதினவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டதாக நான் இங்கே எழுதவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

11. இறந்தவரின் அசட்டையே காரணம் என்று முடிவு செய்ததால், புதிய ஏணி தேவையில்லை என்று தீர்மானித்து, துறைச் சுவருக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். இதனால் ஊர்க்காரர்கள் தூண்டில் போடுவதை நிறுத்திவிடவில்லை. வடக்கே உள்ள பாறைகளுக்குப் போகிறார்கள். அங்கே படியும் இல்லை, வளையமும் இல்லை. சென்ற வாரம் நானே நால்வரைப் பார்த்தேன். ஒருவர் எங்கள் ஊர் மருந்தாளுநர். வழுக்குப் பாறையில் தனியாக நின்றிருந்தார்.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அறிக்கையின் அந்த வரியை நீக்கிவிட்டு, மாலக்கி டெவேன் தம் நண்பர் ஜார்லத் டியர்னன் கேட்டுக்கொண்டதால், தயங்கிய பின்னரே கீழ்ப்படிக்கு இறங்கினார் என்று என் பெயருடன் எழுத வேண்டும். என் பெயரை விட்டுவிட வேண்டாம். திருத்திய பிரதியைத் தபாலில் அட்ராக்டா டெவேனுக்கும், அவர் மகனுக்கும் அனுப்ப வேண்டும்.

அடுத்த குளிர்காலத்துக்குள் வெளிப்புறச் சுவரில் ஏணி பொருத்த வேண்டும். ஏணி பொருத்தியதும் கதவைத் திறந்துவிட வேண்டும். துளை போடவும் ஆணி இறுக்கவும் ஆள் இல்லையென்றால், அந்த வேலை எனக்குத் தெரியும். கூலி வேண்டாம்.

நேரில் வந்து வாக்குமூலம் தர எப்போது அழைத்தாலும் வருவேன். வியாழக்கிழமை மட்டும் அழைக்காமல் இருக்குமாறு வேண்டுகிறேன். அட்ராக்டாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வியாழன்தோறும் அவரைக் கடைக்கு அழைத்துப் போகிறேன். வண்டியில் அவர் பின் இருக்கையில்தான் உட்காருகிறார். ஆனாலும் பத்து மணிக்கு வாசலில் பையுடன் காத்து நிற்கிறார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

ஜார்லத் டியர்னன்
(கையொப்பம்)

இடம்: ராஸ்னமோர்
நாள்: 06.03.2023