அத்தான் கடைப் பொற்காசு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? பட்டறையில் இரும்பு கடையும் புது லேத் வந்திருக்கிறது. என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். சம்பளமும் கூடியிருக்கிறது. உடனே வளையல் வாங்கு என்று எழுதாதே. எனக்கு வேண்டியது ஒரு பொற்காசு.

இரண்டு வருஷமாகச் செம்பும் வெள்ளியுமாகச் சேர்த்து ஓர் ஆல்பம் நிரம்பிவிட்டது. இனி தங்கம். பயப்படாதே, அரிய காசுக்கெல்லாம் ஆசைப்படவில்லை. பழையதில் சின்னது, நிறைய அச்சடித்த வருஷத்தது போதும். அதற்குத் தங்கத்தின் விலைக்கு மேல் கொஞ்சம்தான் கேட்பார்கள். பத்துக் கடை பார்த்துத்தான் வாங்குவேன்.

உன் தங்கை,
குட்டி

பிப்ரவரி 13

அன்புக் குட்டிக்கு,

கழுத்தில் போட ஒரு சங்கிலி இல்லை, டப்பாவில் பூட்டி வைக்கப் பொற்காசாம். நீ திருந்த மாட்டாய்.

அத்தான் நகைக்கடை வைத்திருக்க, நீ பத்துக் கடை ஏறுவாயா? இங்கே பழங்காசுத் தட்டு இருப்பதே மறந்துவிட்டதா? உனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். நீ நினைத்ததைவிட விலை சற்றுக் கூடத்தான். குறையே இல்லாத காசு, அந்த விலை தகும் என்கிறார். பணத்தை அனுப்பு, காசு பார்சலில் வரும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

காசு வந்தது. இதை எழுத மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

நாள் முழுக்க இரும்பை அளப்பவள் நான். கைக்கு வந்ததும் அளந்துவிட்டேன். குறுக்களவு, தடிமன், எடை எல்லாம் ஏறக்குறைய சரி. தங்கம் நிஜம். ஆனால் விளிம்பைச் சுற்றி ஓடும் வரிகள் மேலே ஓரிடத்தில் மட்டும் இல்லை. லென்ஸில் பார்த்தால் அரம் தேய்த்த தடம், பக்கத்தில் பற்றவைத்த கறை. யாரோ இதற்கு வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு வளையத்தை எடுத்து, தெரியாதபடி தேய்த்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதை எடைக்குத்தான் வாங்குவார்கள். ரசீதிலோ "குறையற்றது" என்று இருக்கிறது.

அத்தானும் ஏமாந்திருக்கலாம். தெரிந்தே அனுப்பினாரா என்பதை நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும். காசைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். உன்னிடம் மட்டும் மறைக்க முடியவில்லை.

குட்டி

மார்ச் 21

அன்புக் குட்டிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தங்கம் தங்கம்தானே. உன் தங்கச்சிக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

அந்த ரசீதில் இருப்பது என் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். ஒன்பது வருஷத்தில் ஒரு காசையும் திருப்பிப் பார்த்ததில்லை. வாசலில் "நாணயமான கடை" என்று போர்டு வேறு.

மறுநாள் லென்ஸை எடுத்துத் தட்டு முழுவதையும் பார்த்தேன். உன்னுடையதோடு ஐந்தில் அதே தடம். ஐந்துக்கும் "வளையம் எடுத்தது" என்று சீட்டு எழுதி, எடை விலைக்கு இறக்கினேன். கடையை மூடச் சொல்கிறாயா என்று கேட்டார். "மூட வேணாம். பொய் எழுதச் சொல்லாதீங்க, இனி எழுத மாட்டேன்" என்றேன்.

ஐந்து நாள் முறைத்துக்கொண்டே திரிந்தார். ஆனால் சீட்டுகளைக் கிழிக்கவில்லை. ஆறாம் நாள் ஓர் ஆசிரியை சீட்டைப் படித்துவிட்டே இரண்டு காசு வாங்கிப் போனார். நேற்று, புதிதாக வந்த காசு ஒன்றை என் பக்கம் நகர்த்தி, "நீயே பாத்து எழுது" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயில் வராது, எதிர்பார்க்காதே. உன் பணம் முழுவதும் இத்துடன் காசோலையில் இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு.

அக்கா

மார்ச் 29

அக்கா,

நீ அவரைக் கேட்டுவிட்டாய், சீட்டில் உண்மையை எழுதியும்விட்டாய். இதற்குமேல் மன்னிக்க என்ன இருக்கிறது?

என் காசு விற்றுவிட்டதா? இல்லையென்றால் எனக்கே அனுப்பு. கேலி செய்யவில்லை. ஒரு பழைய பொற்காசு எடை விலைக்குக் கிடைத்தால், என்னைப் போல் ஆரம்பிப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? இந்த முறை குறை தெரிந்தே வாங்குகிறேன். சீட்டில் இருக்கும் விலையை அனுப்பியிருக்கிறேன்; சொந்தக்காரி என்று குறைக்காதே.

ரசீதை நீதான் எழுத வேண்டும். வளையம் எடுத்தது என்பதையும் விடாமல் எழுது. ஆல்பத்தில் காசுக்குப் பக்கத்திலேயே வைக்கப் போகிறேன்.

குட்டி