பூ நிற்காத தக்காளி

வீடு
ஜனவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

எங்களைக் கேட்காமலே இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். நீங்களாக எனக்குச் சொல்லவில்லை. உங்கள் அறையில் மேல் கட்டிலில் படுக்கிற டிரைவரின் மனைவி பஸ்ஸில் சொன்னாள். "உங்க வீட்டுக்காரரும் போட்டுட்டாராமே, நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை" என்றாள். ஏற்கெனவே தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பீர்கள். பிறகு "சாப்டியா" என்பீர்கள். பிறகு லைன் போய்விடும். கடிதத்தில் சிரித்து மழுப்ப முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் சொல்லுங்கள்.

கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் தள்ளித் தள்ளி என் விரல் நுனிகளுக்கு இப்போது சூடு தெரிவதில்லை. அப்படித்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சுகம். பெரியவள் சமையலுக்கு வைத்திருந்த தக்காளியைப் பிழிந்து, விதையைக் காகிதத்தில் காயவைத்து, பால் பாக்கெட்டில் மண் போட்டு விதைத்திருக்கிறாள். பதினொரு நாளாயிற்று, ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் விரலை விட்டுத் தோண்டிப் பார்க்கிறாள். சின்னவனும் அவள் பின்னாலேயே நின்று நேர்முக வர்ணனை செய்கிறான். அக்கம்பக்கத்தில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அப்பா அங்க ஒரு லட்சம் செடி வளக்குறாரு, நமக்கு ஒண்ணு கூட வர மாட்டேங்குது" என்கிறான்.

இதற்காவது ஒரு வழி சொல்லுங்கள். உங்கள் தொழில்தானே.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா


விடுதி
பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

கையெழுத்துப் போட்டது உண்மை, சொல்லாதது தப்பு. அன்றைக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். ஒரு மேஜை, கயிற்றில் கட்டிய ஒரு பேனா. எனக்கு முன்னால் நின்றவர் போட்டார், நானும் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆனால் ஜூனில் எனக்கு விடுப்பு முறை வருகிறது, முழுசாக ஒரு மாதம்.

விதைக்கு வருகிறேன். பாக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். தண்ணீர் தேங்கி விதை அழுகிப் போயிருக்கும். ஆணியைச் சுட வைத்து நாலு ஓட்டை போடு. மண்ணோடு பாதிக்குப் பாதி மக்கின குப்பை சேர். விரல் நீளத்துக்குப் புதைக்கக் கூடாது. விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். தண்ணீரை ஊற்றாதே, தெளி. தோண்டிப் பார்க்கக் கூடாது என்று பெரியவளிடம் கண்டிப்பாகச் சொல். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வேலையிலேயே அது செத்துவிடும்.

கடிதம் கிடைத்ததும் விதைத்தால் ஜூன் கடைசியில் பழுக்கும். முதல் பழத்தை அப்பாதான் பறிப்பார் என்று சொல்.

ரேடியோவுக்கு முத்தம்.

அன்புடன்,
நான்


வீடு
மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

முளைத்துவிட்டது. ஏழாம் நாள் காலையில் பெரியவள் என்னை எழுப்பவில்லை, தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போனபோது வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதம்மா" என்றாள். சத்தம் கேட்டால் நாற்று ஓடியா போய்விடும்?

ஒரு பாக்கெட்டுக்கு ஒரு நாற்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும் என்று மேல்மாடி எலக்ட்ரீஷியன் சொன்னார். எதைப் பிடுங்குவது என்று அரை மணி நேரம் சண்டை. "ஒல்லியா இருக்கறது அதோட தப்பா?" என்று அவள் கேட்டாள். கடைசியில் எதையும் பிடுங்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் நட்டிருக்கிறாள். பால்கனியில் இப்போது கால் வைக்க இடமில்லை. துணி காயப்போட வேண்டும் என்றால் நாற்றிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ரேடியோ பல் விளக்கும் குவளையில் தர்பூசணி விதை போட்டிருக்கிறான். அதுவும் வந்துவிட்டது. நாளெல்லாம் அதனோடு பேசுகிறான்.

கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். "உங்க தோட்டத்துத் தண்ணி எங்க துணி மேலதான் விழுது. நாங்க என்ன நாத்தா, எங்களுக்கும் ஊத்தறீங்க?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ரேடியோ மட்டும், "நீங்க வளந்தா சொல்லுங்க பாட்டி" என்றான். அந்த அம்மாளே சிரித்துவிட்டார்.

பள்ளியில் ஒரு படிவத்துக்கு அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். இங்கே இல்லை என்றேன். அப்படியானால் இல்லாததற்கு ஒரு சான்று வேண்டும் என்றார்கள். இருக்கிறவருக்கு இல்லை என்று சான்று எங்கே வாங்குவது? அரை நாள் விடுப்பு போயிற்று. சலவைக்கூடத்தில் அந்த அரை நாளை முழு நாளாக எழுதிக்கொண்டார்கள்.

பிள்ளைகளின் அம்மா


விடுதி
ஏப்ரல் 4

அன்புள்ள உனக்கு,

நாற்று சாண் உயரம் வந்ததும் பெரிய டப்பாவுக்கு மாற்று. பழைய பெயின்ட் வாளி போதும், ஓட்டை முக்கியம். முதல் இலை வரைக்கும் தண்டை மண்ணுக்குள் இறக்கி நடு. தக்காளி புதைத்த இடத்திலும் வேர் விடும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்று.

முதலில் வரும் பூக்கொத்தைக் கிள்ளிவிடச் சொல். செடி சின்னதாக இருக்கும்போதே காய்த்தால் இளைத்துவிடும். மனசு வராது, ஆனாலும் கிள்ள வேண்டும்.

இங்கே கண்ணாடிக் கூடத்தில் நாற்பதாயிரம் செடி. எல்லாம் ஒரே உயரம். கோணலாக இருக்கிற பழத்தைக் குப்பைக் குழிக்குத் தள்ளுவோம். ஒன்றை எடுத்துத் தின்றால் திருட்டு என்று வேலையிலிருந்து அனுப்புவார்கள், போன மாதம் ஒருவரை அனுப்பினார்கள். அதே வாரம் கம்பெனி ஆள் வந்து எங்கள் கையில் ஆளுக்கொரு பழத்தைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் பழத்தை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அன்புடன்,
நான்


வீடு
மே 5

அன்புள்ள உங்களுக்கு,

செடிகள் அவள் இடுப்பு உயரம். நீங்கள் சொன்னபடி முதல் பூக்களைக் கிள்ளினாள். கிள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மூன்று முறை சொன்னாள், மூன்றும் தனக்கே.

காலண்டரில் ஜூன் பக்கத்தைக் கிழித்து, மே பக்கத்துக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். எனக்கு மே மாதத்தில் என்றைக்கு என்ன கிழமை என்றே தெரியவில்லை.

விடுப்பு எந்தத் தேதி? தேதியைச் சொன்னால்தான் நான் மூன்று நாளாவது விடுப்பு கேட்க முடியும். இப்போது கேட்டால்தான் அவர்கள் ஜூனில் மறுக்கவாவது செய்வார்கள்.

பிள்ளைகளின் அம்மா


விடுதி
மே 21

அன்புள்ள உனக்கு,

விடுப்பைத் தள்ளிவிட்டார்கள். புது நடவு தொடங்குகிறது, ஆள் போதாது என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். செப்டம்பர் என்கிறார்கள். நம் கையில் என்ன இருக்கிறது.

பெரியவளிடம் பக்குவமாகச் சொல். பூ வந்தபின் செடியை லேசாகத் தட்டிவிடச் சொல், காய் பிடிக்கும். இங்கே நாங்கள் செடி கட்டியிருக்கிற கம்பியைக் குச்சியால் தட்டிக்கொண்டே நடப்போம்.

அன்புடன்,
நான்


வீடு
ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு விஷயம் எழுத வேண்டும்.

முதலாவது செடி. ஒன்பது வாளியிலும் இலைதான். ஒரு காய் இல்லை. பூ வரும், மறுநாள் இருக்காது. பூச்சி என்று நினைத்தேன். கீழ்வீட்டு அம்மாவைக்கூட மனசுக்குள் சந்தேகப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை பென்சில் தேடி அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே காம்பசுக்கும் அடிக்கோலுக்கும் நடுவில் காய்ந்த மஞ்சள் பூக்கள். பாக்ஸ் மூட முடியாத அளவுக்கு இருந்தன.

"என்னடி இது?"

"அப்பாதானே கிள்ளச் சொன்னாரு."

"முதல் பூவைத்தானே சொன்னாரு?"

"இப்ப காய்ச்சா ஆகஸ்ட்லயே பழுத்துடும். அப்பா செப்டம்பர்லதான வர்றாரு? யாரு பறிப்பா?"

தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக் கிள்ளியிருக்கிறாள், ஒரு நாள்கூட விடவில்லை. ரேடியோவுக்கும் தெரியும். ஊரெல்லாம் ஒலிபரப்புகிற பிள்ளை, இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய தர்பூசணி துணிக்கொடியில் ஏறி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று காய்த்தது. அதை வெட்டி, உள்ளே வெள்ளையாக இருந்ததைத் தின்றுவிட்டு, "ரொம்ப இனிப்பு" என்றான்.

இரண்டாவது. டிரைவர் ஊருக்கு வந்திருக்கிறார். அவர் மனைவி மறுபடியும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் தன்னோட லீவு முறைய எங்களுக்கு விட்டுக் கொடுத்தாராமே. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்றாள். அழுதாள். அவள் அழுகிறாளே என்று நானும் முகத்தை அப்படி வைத்துக்கொண்டேன்.

நடவு இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. நீங்களாகவே கொடுத்திருக்கிறீர்கள். ஏன்?

பிள்ளைகளின் அம்மா


விடுதி
ஜூலை 19

அன்புள்ள உனக்கு,

டிரைவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் போய்க் கொடுத்தேன். அவர் என் காலில் விழ வந்தார். அவரைத் தடுத்தபோதுகூட எனக்கு வெட்கமாக இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைகளின் வீடியோ அனுப்புகிறாய். பார்க்கிறேன். யார் வீட்டுப் பிள்ளைகளோ நன்றாக வளர்கிறார்கள் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் வீட்டை நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள். எனக்கு அதுவும் வருவதில்லை. மணி அடித்தால் எழுகிறேன், தட்டுகிறேன், கட்டுகிறேன், பறிக்கிறேன். இங்கே செடிக்கு மண் கிடையாது, பஞ்சு மாதிரி ஒரு கட்டியில் நிற்கும், குழாயில் எல்லாம் வரும். சீசன் முடிந்ததும் உருவி வண்டியில் போடுவோம், கையோடு வந்துவிடும்.

அங்கே வந்து ஒரு மாதம் நான் என்ன செய்வேன்? அவள் பழத்தைக் காட்டுவாள். நான் சந்தோஷப்பட வேண்டும். அது முகத்தில் வராவிட்டால் அவள் பார்த்துவிடுவாள். அவள் எல்லாவற்றையும் பார்க்கிறவள்.

செப்டம்பரிலும் நான் கேட்கப் போவதில்லை. அதற்கு அடுத்ததையும் என்னால் சொல்ல முடியாது. அவளிடம் கிள்ள வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் கேட்பாள்.

நான்


வீடு
ஆகஸ்ட் 6

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மதிய இடைவேளையில், துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து படித்தேன். பிறகு மணி அடித்தது, வேலைக்குப் போனேன். மாலை வரை ஒரு விரிப்பும் சுருங்காமல் வந்தது.

உங்களைத் திட்ட முடியவில்லை. நாலு வருடமாக ஒரு மனிதனை நாற்பதாயிரம் செடிக்கு நடுவில் நிறுத்தி, ஒரு பழத்தைக்கூடத் தின்ன விடாமல் வைத்தால் அவன் இப்படித்தான் ஆவான். அப்படிச் செய்த கம்பெனிக்காரர்கள் படம் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கேளுங்கள், இங்கே எனக்கும் பல நாள் ஒன்றும் தோன்றுவதில்லை. ஒன்றும் தோன்றாமலே தலை வாருகிறேன், சோறு போடுகிறேன், பள்ளியில் போய் நிற்கிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று அவள் என் முகத்தைப் பார்த்துச் சோதிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேனா என்றுதான் பார்க்கிறாள்.

நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அப்பா செப்டம்பர்ல வரல. இனிமே பூவ விட்டுடு" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்காரு."

"காட்டு."

எந்தப் பக்கத்தைக் காட்டுவேன்? யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று இருக்கிற பக்கத்தையா? காட்டவில்லை. அதனால் நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். "நீ சொன்னா நம்ப மாட்டேன். கிள்ளச் சொன்னது அப்பா. நிறுத்தணும்னா அவரே எழுதட்டும்" என்றாள். இன்று காலையிலும் கிள்ளினாள். நான் கையைப் பிடித்தேன். இன்னொரு கையால் கிள்ளினாள்.

எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில், அவள் வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

பிள்ளைகளின் அம்மா


வீடு
செப்டம்பர் 27

அன்புள்ள உங்களுக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. உங்கள் போனை டிரைவர்தான் எடுக்கிறார். ஊரிலிருந்து அங்கே திரும்பிவிட்டாராம். "இப்பத்தான் வெளிய போனாருங்க" என்கிறார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

நேற்று அவள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். வகுப்பில் எல்லோரும் வளர்த்த செடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவள் தாளில் ஒரே வரி: "எங்கள் செடி நன்றாக இருக்கிறது, இன்னும் ஆரம்பிக்கவில்லை." வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் வருவதை நான் கேட்கவில்லை. அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் இன்னும் நிறுத்தவில்லை, அவளுக்கு ஒன்பது வயது. இதோடு வெள்ளைத்தாளும் உறையும் வைத்திருக்கிறேன். உறையில் அவள் பெயரை எழுதிவிட்டேன்.

வருவேன் என்றால் வருவேன் என்று எழுதுங்கள். வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் இந்த வாரமே எழுதி அனுப்புங்கள்.

பிள்ளைகளின் அம்மா