மூன்று முறை சும்மா இருந்த ரிலே

14 ஜூலை 2004, முனிர்கா

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மின்கம்பி அறுந்தால் உடனே கரண்டை நிறுத்த வேண்டிய ரிலேவை இன்று சிமுலேட்டரில் மாட்டிச் சோதித்தேன். கம்பி அறுந்து ரோட்டில் விழுவதுபோல் பத்து முறை ஓட்டினேன். மூன்று முறை ரிலே சும்மா இருந்தது.

"கம்ப்யூட்டர்ல விழுந்த கம்பி யாரைக் கொல்லும்?" என்று சிரித்தார் மேலதிகாரி சர்மா. "பாஸ்னு எழுதுங்க மேடம், ஜல்தி."

தோல்வி என்று எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டார்! அவர் கண்ணெதிரே மறுபடி பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். "இதையும் கிழிங்க சார், பேப்பர் நிறைய இருக்கு" என்றேன். அவர் கிழிக்கவில்லை. வேறு யாரிடமாவது பாஸ் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாங்கட்டும். ரிலேவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.