பூட்டத் தெரியாத உன் வீட்டை விற்றுவிட்டேன்

என் தங்க அம்மாவுக்கு,

இன்று காலை நம் வீட்டைக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டித் தீர்த்துவிடு. எனக்கும் வசவு கேட்டு ஒன்றரை வருஷமாகிவிட்டது.

பதினோரு நாள் லீவு போட்டு இங்கேயே தங்கி வேலை பார்த்தேன் அம்மா. அழுக்கு வீட்டைக் காட்டினால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்று, ஒழுகுகிற தளத்தைப் பூசி, கொல்லையில் மண்டியதையெல்லாம் வெட்டி, உள்ளும் புறமும் வெள்ளையடித்தேன். வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படியை எத்தனை தடவை மிதித்தேன் தெரியுமா? உன் மகள் ஏமாறவில்லை. கேட்ட விலைக்கே போயிற்று.

வாங்கியவள் பெயர் மல்லிகா. நன்னிலத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், புருஷன் சிங்கப்பூரில். வீடு பார்க்க வந்த அன்றே கேட்டாள்: "ஏங்க்கா, உங்கம்மா இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளிய தங்குனதே இல்லையாமே? தெருவே சொல்லுது. அவ்ளோ பிடிவாதமா?"

"பிடிவாதம் இல்ல மல்லிகா, பயம்" என்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது இது கூரைக் குடிசை. மனை பண்ணையாருடையது, நீயும் அப்பாவும் அவர் வயலில் கூலி, நான் கைக்குழந்தை. குடியிருக்கிறவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. அளக்க ஆள் வருவதற்குள் குடிசைகளைக் காலி பண்ணிவிட வேண்டுமென்று பண்ணை ஆட்கள் திரிந்தார்கள். பக்கத்துக் குடிசை அஞ்சலை, குத்தாலத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினால், குடிசை இருந்த இடத்தில் வாழைக்கன்று நின்றது. விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர் தெருவில் நின்று கத்தினாராம்: "ஆளு இருந்தாத்தான் மனை! எவளும் ராத்திரி வீட்டை விட்டு நகராதீங்க!"

நீ நகரவில்லை. அளந்தார்கள், பட்டா வந்தது, அதுவும் உன் பேரிலேயே வந்தது. ஆனால் 'இனிமேல் நகரலாம்' என்று யாரும் உன்னிடம் வந்து சொல்லவில்லை. குடிசை போய்த் தளம் போட்ட வீடு வந்தது, அப்பா காலமானார், பண்ணையாரும் போய்ச் சேர்ந்தார், அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு எங்கேயோ போனார்கள். உனக்கு மட்டும் அந்தச் சங்கத்துக்காரர் இன்னும் தெருவில் நின்று கத்திக்கொண்டே இருந்தார்.

திருவிடைமருதூரில் என் கல்யாணம். தாலி ஏறின சாயங்காலமே நீ பஸ் ஏறிவிட்டாய். என் மாமியார் பத்து வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தினார். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது அம்மா, அதை மறைக்கமாட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் அன்றைக்கும் பேசினேன். உனக்குக் கால் வீங்கியிருந்தது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ரெண்டு நாள் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ போன் பண்ணினாய். "ரெண்டே ரெண்டு ராத்திரி இங்க வந்து படுத்துக்கடி. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுறேன்."

"ராசாத்தி அக்காவைப் படுக்கச் சொல்லேன்."

"அவ பக்கத்து வீட்டு ஆளு. நம்ம ஆளு இருக்கணும்ல?"

"நல்லா இருக்கும்மா நீ சொல்றது! தஞ்சாவூர்ல ஊருக்கெல்லாம் ஊசி போடுற நர்ஸு நான். பெத்தவ ஆஸ்பத்திரில கெடப்பா, நான் அங்க சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணுமா? பூட்டிட்டு வா. வீடென்ன ஓடியா போயிடும்?"

"வீடு ஓடாதுடி. ஆளுங்க வந்துடுவாங்க."

"எனக்கு லீவு இல்ல" என்று வைத்துவிட்டேன்.

லீவு இருந்தது அம்மா. நிறையவே இருந்தது. இந்தத் தடவையாவது உன் வழிக்கு வரக்கூடாது, நீதான் என் வழிக்கு வர வேண்டும் என்று வீம்பு. அஞ்சாம் நாள் ராசாத்தி அக்கா போன் பண்ணினார். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு வீட்டைப் பூட்டினேன். ஒன்றரை வருஷம் பூட்டியே கிடந்தது. ஒருத்தரும் வரவில்லை. ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்தப் பூட்டு என் முகத்தில் அடித்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் விற்றேன், வேறு எதற்கும் இல்லை.

பத்திரம் எழுதுகிறவர் உன் பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமான சொத்துங்க. இந்தப் பட்டா கைக்கு வந்தப்புறம் பத்து வருஷம் பூட்டிப் போட்டுட்டுப் போயிருந்தாலும் யாரும் கை வச்சிருக்க முடியாது" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். வீட்டை விற்கிற துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒருத்தரை உன்னிடம் கூட்டி வர எனக்கு ஏன் தோன்றவில்லை? படித்தவள் நான்தானே?

கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மல்லிகா சொன்னாள்: "வெள்ளிக்கிழமைதான் நல்ல நாளாம்க்கா. அன்னிக்குத்தான் பால் காய்ச்சுறோம். அதுவரைக்கும் பூட்டித்தான் கெடக்கும், சாவிய இப்பவே குடுத்துடுறீங்களா?"

கையை நீட்டியவள் நான் தயங்குவதைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் அங்க இருந்துக்கட்டுமா மல்லிகா?" என்று கேட்டேன்.

"தாராளமா இருங்க. சாமான் ஏதும் எடுக்கணுமாக்கா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை, நல்ல பெண்.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி லீவை நீட்டிக் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "சரி சிஸ்டர், இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் அம்மா. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு பாய் இருக்கிறது, ராசாத்தி அக்கா சோறு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடிந்து அவர்கள் பால் பாத்திரத்தோடு வந்து நிற்கும்வரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன், இது சத்தியம்.

நம்ம ஆளு இருக்கேன்ம்மா. நீ நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா.

உன் ஒரே மகள்,
தமிழரசி