மேசையைப் பார்க்காமல் தீர்ப்பில்லை

மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்கும் ஒன்றும் இல்லை. நம் கட்டடத்து லிஃப்ட் மூன்று வாரமாக நிற்கிறது. லிஃப்ட் ஆய்வாளர் குடியிருக்கிற கட்டடத்திலேயே இப்படியா என்று நான்கு மாடிக்காரர்களும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். சொந்தக் கட்டடத்தை நான் சோதிக்கக் கூடாது என்பது துறையின் விதி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்த கறுப்புப் பெட்டி இத்துடன் வருகிறது. உன் அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே அட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு, விதிப்புத்தகம் ஒன்று, கண்ணாடிக் குண்டுகள் இருபது. நான்கு அட்டைகளுக்கு மூலை மடங்கியிருக்கிறது. அது முன்பே அப்படித்தான் இருந்தது, நான் மடக்கவில்லை.

சோதிக்காத பொருளை நான் கைமாற்றுவதில்லை. ஆகவே பெட்டியைக் கட்டுவதற்கு முன் விதிப்புத்தகத்தைப் படித்தேன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்கு மின்சாரம் வரட்டும் என்று காத்திருந்தபோது நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் முடித்துவிட்டேன். வெட்டி வேலை என்று நான் சொன்ன விளையாட்டுக்கு எங்கள் துறையைவிட ஒழுங்கான விதிகள் இருக்கின்றன. இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒருவர் மந்திர அட்டையைப் போட்டவுடன் அந்த மந்திரம் நடந்துவிடாது, அது மேசையில் காத்திருக்கும், மற்றவர் அதற்குப் பதில் மந்திரம் போட இடம் கொடுக்க வேண்டும் என்று பக்கம் பதினொன்றில் இருக்கிறது. பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில் என்று அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும் என்கிறார்கள். கடைசியாகச் சொன்னது முதலில், முதலில் சொன்னது கடைசியில். நெரிசலான லிஃப்ட்டில் கடைசியாக ஏறியவர் முதலில் வெளியே வருவது போல. நான் புரிந்துகொண்டது சரிதானா?

நீ பதில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் எந்த ஆட்டக்காரர் விதி கேட்டாலும் நடுவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று பக்கம் நாற்பதில் போட்டிருக்கிறது. நீ அந்த வேலையாகத்தான் ஊர் ஊராகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள்.

பெட்டி வந்து சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிவிடு.

அப்பா

* * *

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

தங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. நான் ஆட்டக்காரன் இல்லை, ஆகவே விதி கேட்க உரிமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கீழே பொடி எழுத்தில், லிஃப்ட் கணக்கு சரிதான் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் நன்றி.

அந்தக் குறை இப்போது நீங்கிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அட்டைக் கடையில் போன மாதம் பெயர் பதிந்துகொண்டேன். என் உறுப்பினர் எண் 219. நடுவரை நீ என்று எழுதலாமா என்பது புத்தகத்தில் இல்லை. அதனால்தான் இந்த மரியாதை.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆடுகிறோம். கடைக்காரரைச் சோடாபுட்டி என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள், அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு உங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் தீர்ப்புச் சொன்னால் தோற்றவன்கூட முகம் சுளிக்காமல் எழுந்து போவானாம். நான் யார் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்போது நான் அட்டைகளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், அது சொல்லிக்கொள்ளத் தோதான நேரமாகப் படவில்லை.

இதுவரை பதினோரு ஆட்டம், பத்துத் தோல்வி. ஜெயித்த ஒன்றும் என் சாமர்த்தியம் இல்லை. எதிராளி என் வீரன் ஒருவனை இலக்காகக் குறித்து ஒரு மந்திரம் போட்டார். அது நடப்பதற்குள் அந்த வீரன் வேறு மந்திரத்தால் மேசையைவிட்டுப் போய்விட்டான். குறித்த ஆள் இல்லாவிட்டால் மந்திரம் செல்லாது என்று பக்கம் பதினான்கு சொல்கிறது. அவர் தலையில் கை வைத்தார், நான் பிழைத்தேன்.

தோற்றதற்கெல்லாம் என் கோளாறுதான் காரணம். கையில் பெரிய மந்திரம் வந்தால் யோசிக்காமல் போட்டுவிடுகிறேன். போன வாரம் 'வெளியேற்று' என்ற அட்டையை மேசை அதிர வைத்தேன். வைத்த பிறகுதான் பார்க்கிறேன், எதிர்ப்பக்கம் காலி. மேசையில் இருந்த ஒரே ஆள் என்னுடைய காவல் வீரன். போட்ட மந்திரத்துக்கு யாரையாவது குறித்தாக வேண்டும், போட்டதை எடுக்கவும் கூடாது. என் ஆளை நானே வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப எடுக்க வழியே இல்லையா என்று சோடாபுட்டியை இரண்டு முறை கேட்டேன். சொன்னது சொன்னதுதான் சார் என்று இரண்டு முறையும் அதே பதில் வந்தது.

அம்மாவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அட்டை ஆடுறவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்லன்னு சொன்னீங்களே, நீங்க எப்பக் கிளம்புறீங்க என்று கேட்டுவிட்டுத்தான் முதல் அட்டையை எடுத்தாள். அவள் கையில் பெரிய மந்திரம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. நான் போடுவதையெல்லாம் போட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்து, கடைசியில் சின்னதாக ஒன்றை மேலே வைப்பாள். அதுதான் முதலில் நடக்கும். அதற்குப் பிறகு நான் போட்டதற்கு வேலையே இருக்காது.

இப்போது கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் ஒரு தகராறு. காத்திருக்கும் அட்டைகள் மேசையில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று அம்மா எழுந்து போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நேரம் போய்விட்டது, எல்லாம் காலாவதி என்றேன் நான். இல்லை, நான் வச்சது வச்ச இடத்துலதான் இருக்கு என்றாள் அவள். பாதியில் நின்ற ஆட்டத்தில் நடக்காமல் கிடக்கிற மந்திரங்கள் என்னவாகும்? யார் பக்கம் நியாயம்?

தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர் எண் 219

* * *

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

இந்த முறை இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய அம்மா இன்னும் திருப்பித் தரவில்லை. ஆகவே நினைவிலிருந்து எழுதுகிறேன். காத்திருக்கும் மந்திரத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஆட்டம் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒரு வருடம் நின்றாலும் அது அப்படியே இருக்கும். மேலே உள்ளது நடந்து முடியாமல் கீழே உள்ளதைத் தொடக் கூடாது. ஆனால் யார் பக்கம் நியாயம் என்பதை மேசையை நேரில் பார்க்காமல் எந்த நடுவரும் சொல்லக் கூடாது. தவறு இருந்தால் திருத்தவும்.

அப்படியானால் ஒரு பழைய தகராறைத் தீர்ப்புக்கு வைக்கிறேன்.

இடம், நான்காவது மாடியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றே கால். வங்கி வேலையை விட்டுவிட்டதாகவும், அட்டை விளையாட்டுக்கு நடுவராகப் போகப்போவதாகவும் மகள் சொன்னாள். தகப்பன் கையில் வந்ததை யோசிக்காமல் போட்டான். அட்டை ஆடுறவளுக்கு இந்த வீட்டுல இடமில்ல என்றான். எதிர்ப்பக்கம் காலி, இருப்பது தன் ஆள்தான் என்று அவன் பார்க்கவில்லை. இது முதல் அட்டை. அதன்மேல் மகள், நான் போறேன் என்றாள். இது இரண்டாவது. கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்த அம்மா, சாப்ட்டுட்டுப் போ என்றாள். இது மூன்றாவது. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில்தான் போனாள்.

வரிசை தவறிவிட்டது என்பது என் வாதம். மூன்றாவது அட்டை முதலில் நடந்திருக்க வேண்டும். பத்து மாதம் ஆகியும் அது நடக்கவில்லை. அது நடக்காதவரை கீழே உள்ள இரண்டையும் யாரும் தொட முடியாது. நான் போட்டதைத் திரும்ப எடுக்க விதியில் இடமில்லை என்று தெரியும். இருந்திருந்தால், அன்றைக்கு நீ இரண்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் எடுத்திருப்பேன். படிக்கட்டுவரை வந்தேன். உன் செருப்புச் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் திரும்பி வந்துவிட்டேன்.

இதற்குமேல் நீங்கள் என்று எழுதவும் எனக்கு வரவில்லை. மனசு உன்னைத் தேடுகிறது. அதற்குப் புத்தகத்தில் பக்க எண் இல்லை.

அம்மா இன்னும் மூன்று பேருக்குத்தான் சமைக்கிறாள். கேட்டால் அளவு கை தவறுகிறது என்கிறாள். முப்பது வருடமாகத் தவறாத கை. மிச்சத்தை மறுநாள் நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாகிவிட்டது. நம் லிஃப்ட் போன வியாழக்கிழமை சரியாகிவிட்டது, வேறோர் ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டார்.

நீ சாப்பிட்டு மூன்றாவது அட்டை நடந்து முடிந்ததும் இரண்டாவது உன்னுடையது. போக வேண்டும் என்றால் போ. அது உன் வேலை, அதில் நீ கெட்டிக்காரி என்று ஊரே சொல்கிறது. கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பேருந்து நிலையம்வரை வருகிறேன். அதற்குப் பிறகுதான் என் அட்டையின் முறை வரும். அப்போது நீ மேசையில் இருக்க மாட்டாய். பக்கம் பதினான்கு, குறித்த ஆள் இல்லை. நான் சொன்னது செல்லாமல் போய்விடும்.

நான் கணக்குப் போட்டது சரியா என்று இங்கிருந்தபடி எனக்குத் தெரியவில்லை. நடுவர் நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, ஒன்றே காலுக்கு. மேசையை நாங்கள் இன்னும் கலைக்கவில்லை.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாடி. நன்றாக இரு.

அப்பா
(உறுப்பினர் எண் 219)