குறை: எதுவும் இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

மத்தியானம் சவாரி போகவில்லை. வாடிப்பட்டி பாண்டியராஜன் ஃபேஸ்புக்கில் ‘பழைய வண்டி அலசல்’ என்று ஒரு பக்கம் நடத்துகிறார். கம்பெனி நிறுத்திவிட்ட வண்டிகளைப் பற்றி, வைத்திருப்பவர்களிடமே போட்டோவும் கருத்தும் வாங்கிப் போடுவார். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இந்த முறை எங்கள் நீளமூக்கு ஷேர் ஆட்டோ. பதினோரு வருஷமாக மதுரையில் அவனியாபுரம் – பெரியார் பஸ் ஸ்டாண்டு ஓட்டுகிறேன். என்னை விட்டால் வேறு யார்?

கழுவி, டயருக்குப் பாலிஷ் போட்டு, கண்மாய்க் கரையில் நிறுத்தி ஏழு படம் எடுத்தேன். கிழிந்த சீட்டுப் பக்கம் எடுக்கவில்லை. பாண்டியராஜன் போனில், “குறைய ஒளிக்காம எழுதுங்கண்ணே, அதான் முக்கியம்” என்றார். எழுதினேன். ஆள் நிறைந்தால் முதல் மிதியில் பிரேக் உள்ளே போய்விடும், ரெண்டு தடவை மிதித்தால் பிடிக்கும் என்று. அப்புறம் அழித்தேன். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் அவள் குறட்டை விடுவாள் என்று யாராவது சொல்வார்களா?

குறை: எதுவும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நானூறு லைக். ‘யாசீன் அண்ணன் சொன்னா சரியா இருக்கும்’ என்று முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். ஸ்டாண்டில் மொக்கையன்தான், “ஒன் வண்டி பின்னால வந்தா பிரேக் லைட்டு ரெண்டு ரெண்டு தரம் கண்ணடிக்குதே மாப்ள, அத எழுதலயா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

உசிலம்பட்டியிலிருந்து ரோகிணி என்று ஒரு பெண் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள். நீளமூக்கு, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். என் கருத்தைத் தன் மச்சினரிடம் காட்டித்தான் வாங்கித் தரச் சொன்னாளாம். அந்த ஸ்டாண்டில் முதல் பெண் டிரைவர் அவள்தானாம்.

பிரேக் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வண்டி நன்றாக இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு ‘வாழ்த்துகள்மா’ என்று மட்டும் போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று முழுக்க என் வலது காலையே கவனித்தேன். ரெண்டு மிதி. ஒவ்வொரு தடவையும்.

மார்ச் 6, வியாழன். நோன்பு ஐந்து

ரோகிணி வண்டியை மோதிவிட்டாள்.

வண்டி நிறைய ஆள். அப்படி ஏற்றியது அன்றுதான் முதல் தடவையாம். சந்தை இறக்கத்தில் நிறுத்தப் போயிருக்கிறாள். பிரேக் உள்ளே போய்விட்டது. சிமெண்டுத் தொட்டியில் இடித்து, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பொம்பள ஓட்டினா இப்படித்தான் என்று ஸ்டாண்டில் அவள் வண்டியை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவாகச் சொல்வார்களாம்.

“அண்ணே, நீங்க பதினோரு வருஷம் ஓட்டுறீங்க. தப்பு என் மேலயா, வண்டி மேலயா? நீங்க சொன்னா நம்புவேன்” என்று குரல் செய்தி. அழுதிருக்கிறாள், தெரிந்தது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘புதுசா ஓட்டுறப்ப அப்படித்தான்மா, போகப் போக சரியாயிடும்.’

நோன்பு வைத்த வாயோடு. சீ.

மார்ச் 7, வெள்ளி

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவன் தண்ணீர் மட்டும் குடித்தேன். சுஃபியா என்னவென்று கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். மனைவியிடம் எதைத்தான் மறைக்க முடிகிறது. திட்டவில்லை. “அந்தப் புள்ள ஒங்கள நம்பிக் கேட்டுச்சு. இப்ப அது தன்னையே நம்பாமப் போயிரும். பட்டினி கெடந்து என்ன புண்ணியம்?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனில் சொன்னால் போதுமா? போதாது. அங்கே அவளைப் பேசினவர்கள் காதில் விழ வேண்டும். ஆனால் அம்புட்டுப் பேர் முன்னால்… நானூறு லைக் வாங்கினவன்.

மார்ச் 9, ஞாயிறு

உசிலம்பட்டி போய் வந்தேன். பஸ்ஸில்தான். அந்த வண்டியில் போக மனசு வரவில்லை.

ரோகிணிக்கு முப்பது வயசு இருக்கும். “வாங்கண்ணே” என்று ஓடி வந்து நாற்காலி போட்டாள். பெரிய டிரைவர் தனக்காகப் பேச வந்திருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னாள். அதைக் கேட்டபோது செத்துவிடலாம் போலிருந்தது.

ஸ்டாண்டுத் தலைவர் பேயாண்டியை அவள் வண்டியில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். இன்னும் ஏழு பேரை ஏற்றி, மேட்டுத் திடலில் மெதுவாக ஓட்டி, ஒரே ஒரு தடவை பிரேக்கை மிதித்தேன். ரெண்டாவது தடவை மிதிக்கப் போன காலைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெடல் அடிவரை போனது. வண்டி பாட்டுக்கு உருண்டு திடல் ஓரத்து மண்மேட்டில் ஏறித்தான் நின்றது. பேயாண்டி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இறங்கிச் சொன்னேன். “இந்த வண்டியோட கோளாறு இது. என் வண்டியிலயும் இருக்கு. எழுதிட்டு அழிச்சேன். இந்தப் பொண்ணு கேட்டப்பவும் பொய் சொன்னேன். அது ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல.”

பேயாண்டி அவளிடம், நாளைக்கே பிரேக்கைச் சரிபண்ணிட்டு வண்டிய வரிசையில போடும்மா என்றார்.

ரோகிணி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. போனை நீட்டினாள். என் கருத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். “தெனமும் ஏறி உக்காரும்போது இதப் படிச்சுட்டுத்தாண்ணே ஓட்டுவேன்.” அதை என் முன்னாலேயே அழித்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டாள். நானும் வாரேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மார்ச் 10, திங்கள்

பாண்டியராஜனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். என் பெயரோடு போடச் சொன்னேன். போட்டுவிட்டார். கீழே திட்டுகிறார்கள். நியாயம்தான். எல்லாவற்றையும் படித்தேன்.

மார்ச் 31, திங்கள். பெருநாள்

ரோகிணிக்கு ஈத் வாழ்த்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 12, சனி

பாண்டியராஜன் நீளமூக்கு அலசலைப் புதிதாகப் போட்டிருக்கிறார். முதல் படம் ரோகிணி வண்டி. இடித்த முகப்பை மறைக்காமல் எடுத்திருக்கிறாள். குறை என்ற இடத்தில் அவள் எழுதியது: ‘ஆள் நிறைஞ்சா முதல் மிதியில பிரேக் பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டர் மாத்தாம ஓட்டாதீங்க. வேற வண்டியோடது பொருந்துது, ஒரு நாள் வேலைதான். பழகிரும்னு விட்றாதீங்க.’ என் பெயர் எங்கேயும் இல்லை.

ஒரு நாள் வேலை. பதினோரு வருஷம் அதை நான் செய்யவில்லை.

கீழே ஒரு வீடியோ, பின்னாலிருந்து எடுத்தது. சந்தை இறக்கம், வண்டி நிறைய ஆள். ரோகிணி நிறுத்துகிறாள். சிவப்பு விளக்கு ஒரே ஒரு தடவை எரிகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

என் வண்டிக்கும் போன வாரமே மாற்றியாயிற்று. இன்று மொக்கையன் எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டு, இன்னும் கண்ணடிக்குதே மாப்ள என்றான். பிரேக் முதல் மிதியிலேயே பிடித்துவிடுகிறது. கால்தான் இன்னொரு தடவை மிதிக்கிறது.