வேனின் திரைக்குப் பின்னால்

வெள்ளி இரவு. உன்னிச்சை.

இன்று என் மனுசி பூரணத்தைக் குளக்கரையிலேயே விட்டுவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பென்சன் எடுத்தபின் இந்த வேன்தான் எங்களுக்கு வீடு. முன்சீட்டில் இருந்தால் அவளுக்குத் தலை சுற்றும். ஓடும்போதெல்லாம் பின்னால் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பாள். காலையில் குளிக்கப் போனவள் வந்து படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வழிநெடுக மருமகனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஒரு தரம்கூட அவள் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வவுணதீவில் நிறுத்திச் சூடாக உளுந்துவடை வாங்கி, "இந்தா புள்ள" என்று திரையை விலக்கினேன். தலையணையும் அவளுடைய போனும்தான் கிடந்தன.

திரும்பி வந்தபோது குளக்கட்டில் ஈரச் சேலையோடு குந்தியிருந்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன்.

"நான் இல்லையெண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்ச?" என்று மட்டும் கேட்டாள்.

"குளத்தடிச் சந்தி தாண்ட முன்னமே தெரிஞ்சிட்டு" என்றேன்.

ஆறிப்போன வடைப் பார்சலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அந்தச் சந்தியில ஏது வடைக்கடை?" என்றாள். பிறகு வேனில் ஏறித் திரையை இழுத்துவிட்டாள்.

இப்போது திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறாள். "நித்திரையா புள்ள?" என்று கேட்டேன். சத்தமில்லை. எழும்பிப் போய்த் திரையை விலக்கினேன். கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

"நான் இரிக்கன்" என்றாள்.